தரிசு நிலத்தில் காடு: வேலி போட்டால் போதுமா, கன்று நட வேண்டுமா?

போன புரட்டாசியிலிருந்து ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கொட்டாம்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் மூன்று ஏக்கர் வைத்திருப்பவர் ஒருவர். "சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கு. எல்லாத்தையும் வழிச்சு எடுத்துட்டு நாட்டு மரமா நட்டுரலாமா?" என்றார். திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசலில் இரண்டு ஏக்கர் உள்ள ஓர் ஆசிரியை, தன் அப்பா நினைவாக அங்கே காடு வளர்க்க ஆசைப்படுகிறார். மூன்றாமவர் மதுரை நகருக்குள் ஒரு பள்ளியின் பெற்றோர் குழுவில் இருப்பவர். பள்ளிக்குப் பின்னால் எட்டு சென்ட் காலியாக இருக்கிறது, கன்றுகளை மிக நெருக்கி நடும் மியாவாக்கி முறையில் காடு போடலாமா என்கிறார்.

மூவருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஒரே பதில் இருக்கும் என்று நம்பி நானே ஒரு நிலத்தைக் கெடுத்திருக்கிறேன்.

அழகர்மலைக்கு வடக்கே, நத்தம் சாலையிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் குடும்பத்துக்கு ஒன்றரை ஏக்கர் உண்டு. ஒன்பது வருடத்துக்கு முன்னால் அங்கே ஜேசிபி விட்டுப் புதரையெல்லாம் வேரோடு வாரி, நிலத்தைச் சமப்படுத்தி, பத்தடிக்கு ஒன்றாகக் கன்று வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேற்கு மூலையில் கருப்பசாமி பீடம் இருந்ததால் அங்கே மட்டும் ஓட்டுநர் வண்டியை விடவில்லை. இரண்டு கோடை போனது. நட்டதில் வேம்பும் புங்கனும் கொஞ்சம் நின்றன, மற்றவை பட்டுப்போயின. வாரிய இடமெல்லாம் சீமைக்கருவேலம் முன்னைவிட அடர்த்தியாக வந்தது. கருப்பசாமி மூலையிலோ உசிலை, வெப்பாலை, ஆத்தி, காரை, சூரை, இலந்தை, ஆவாரை, பிரண்டை, பெயர் தெரியாத கொடிகள் என்று எண்ணிப் பார்த்தால் இருபது வகைக்கு மேல். எல்லாம் தானாக வந்தவை. ஆடு மேய்க்க வரும் ஆத்தா ஒருவர் அப்போது சொன்னதை இன்னும் மறக்க முடியவில்லை: "ஏந்தம்பி, உசிலங்கட்டைய எல்லாம் பேத்து எறிஞ்சுட்டியே. ஒரு மழைக்கு அதுவே தளுத்திருக்குமே."

அவர் சொன்னது சரி. நான் வாரி எறிந்தது குப்பையை அல்ல. அந்த நிலத்தின் அடிக்கட்டைகளையும் வேரையும் விதையையும்தான் எறிந்தேன்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் நிலத்திடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். முதல் கேள்வி, விதை எங்கிருந்து வரும் என்பது. பக்கத்தில் மலைக்காடோ கோயில் காடோ பழைய மரங்கள் உள்ள ஓடைக்கரையோ இருக்கிறதா? அங்கிருந்து உங்கள் நிலத்துக்குப் பறவையும் வௌவாலும் மரநாயும் வந்து போகின்றனவா?

இரண்டாவது, நிலம் எப்படிக் கெட்டது. விறகுக்கு வெட்டியது, ஆடு மேய்ந்தது, எப்போதாவது தீப்பிடித்தது என்றால் அது ஒரு வகை. வெட்டு மரத்தின் தலையைத்தான் எடுக்கிறது, வேர் உயிரோடு இருக்கும். பல வருட உழவு, செம்மண் அள்ளியது, ஜேசிபி ஓடியது என்றால் அது வேறு வகை. அங்கே வேரும் போயிருக்கும், மேல்மண்ணோடு விதையும் போயிருக்கும்.

அப்புறம் தண்ணீர், காசு, ஆள். இரண்டு கோடை தாண்டும்வரை யார் தண்ணீர் ஊற்றுவார்கள், மூன்று வருடம் யார் காவல் இருப்பார்கள் என்று இப்போதே பெயர் சொல்லத் தெரிய வேண்டும். "பார்த்துக்கலாம்" என்று தொடங்கிய நடவுகள் சித்திரையில் என்ன ஆகின்றன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும்.

கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. இருபது வருடம் கழித்து அங்கே எத்தனை மரம் நிற்கும் என்பதை விட்டுவிட்டு, எத்தனை வகை நிற்கும், அவை இந்த மண்ணின் வகைகள்தானா என்று கேளுங்கள். ஆயிரம் வேம்பு நின்றால் அது தோப்பு.

## மழைக்காடுகளில் எண்ணிப் பார்த்தது

காட்டை மனிதன் கலைத்தால் செடிவகைகளுக்கு என்ன ஆகிறது என்று உலகில் அதிகம் எண்ணிப் பார்த்திருப்பது தாழ்நில மழைக்காடுகளில்தான். மதுரையில் வருடத்துக்கு 850 மி.மீ. அளவில்தான் மழை. அந்தக் காடுகளில் பெரும்பாலும் 2,000 மி.மீ.யை ஒட்டியோ அதற்கு மேலோ. ஆனாலும் அங்கே கிடைத்த கணக்கு நமக்கு உதவும், எங்கே பொருந்தாது என்று தெரிந்து எடுத்துக்கொண்டால்.

முதலில் பொருந்தாத இடம். மலேசியாவின் பாசோ காட்டில் 50 ஹெக்டேர் நிலத்தில் விரல் பருமனுக்கு மேல் உள்ள மரம் ஒவ்வொன்றையும் எண்ணியபோது 800 வகைக்கு மேல் இருந்தன. நம் முதுமலையில் அதே 50 ஹெக்டேர் அளவில், இந்திய அறிவியல் கழகத்தார் 1988-லிருந்து எண்ணிவரும் வறண்ட காட்டில், மர வகைகள் எழுபதை ஒட்டித்தான். அது குறை அல்ல, காட்டின் இயல்பு. நத்தம் பக்கம் காசம்பட்டி வீரகோயில் காடு 4.97 ஹெக்டேர், கிட்டத்தட்ட பன்னிரண்டு ஏக்கர். 2025-ல் அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தபோது அங்கே பதிவான செடிவகைகள் 48. நம் பக்கத்தில் ஒரு நல்ல காடு எப்படி இருக்கும் என்பதற்கு அளவுகோல் அதுதான். "நூறு வகை மரம் நட்டுத் தருகிறோம்" என்று யாராவது வந்தால், அதில் எத்தனை இந்த மண்ணுக்கு உரியவை என்று கேளுங்கள்.

இனிப் பொருந்தும் இடம். தென், நடு அமெரிக்கத் தாழ்நிலங்களில் மேய்ச்சலுக்கும் விவசாயத்துக்கும் அழித்து, பிறகு கைவிட்ட நிலங்களில் தானாக வளர்ந்த காடுகளை ரோசெண்டால் குழு ஒப்பிட்டது. 2019-ல் அவர்கள் சொன்னது இது: இருபது வருடத்தில் மர வகைகளின் எண்ணிக்கை பழங்காட்டில் இருப்பதில் 80 சதவீதத்தை எட்டிவிடுகிறது. ஆனால் எந்தெந்த வகை, எந்த அளவில் என்ற கூட்டமைப்பு 34 சதவீதம்தான் திரும்புகிறது. எண்ணிக்கை சீக்கிரம் வருகிறது, பழைய கூட்டம் திரும்ப நூற்றாண்டுகள் ஆகின்றன. அதே பகுதிகளில் மரத்தின் மொத்த எடை எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்று பார்த்த 2016 ஆய்வு, மழை கூடினால் மீட்சியும் வேகம் என்கிறது. நம் 850 மி.மீ.யில் இன்னும் பொறுமை வேண்டும் என்று அர்த்தம்.

கொஞ்சம் கலைத்தால் வகை கூடும் என்று ஒரு பழைய கருத்து உண்டு. 1978-ல் ஜோசப் கானெல் என்ற சூழலியலாளர் எழுதியது: கலைப்பே இல்லாவிட்டால் வலுத்த சில மரங்கள் மற்றதை அமுக்கிவிடும், கலைப்பு மிஞ்சினால் எதுவும் நிற்காது, நடுவில்தான் வகைகள் அதிகம். கேட்க நியாயமாக இருக்கிறது. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஸ்டீபன் ஹப்பெல் குழு இதைச் சோதித்தது. பெரிய மரம் விழுந்து வெளிச்சம் வந்த 1,200-க்கும் மேற்பட்ட இடைவெளிகளைப் பதின்மூன்று வருடம் கவனித்து 1999-ல் எழுதினார்கள். வெளிச்சம் வந்த இடங்களில் கன்றுகள் அடர்ந்தன. அந்த அடர்த்திக்கு ஈடான அளவைத் தாண்டி வகைகள் கூடவில்லை. காரணம், பெரும்பாலான மரங்களின் விதை அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை. இடம் இருந்தது, ஒளி இருந்தது, விதை இல்லை.

இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் ஒன்பது வருடத்துக்கு முன் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

போர்னியோவில் லாம்பிர் காட்டிலும் இதே பாடம் வேறு உருவில். மரத்தை வெட்டவில்லை, காடு காப்பில்தான் இருக்கிறது. வேட்டையால் பெரிய பறவைகளும் விலங்குகளும் குறைந்தன. அதற்கப்புறம் கன்றுகள் பரவாமல் கூட்டங்கூட்டமாக முளைப்பது கூடியது. விதையைத் தூக்கிப்போக ஆள் இல்லை.

## முதல் வழி: வேலி போட்டுவிட்டு ஒதுங்குவது

இதற்கு "ஒன்றும் செய்யாமல் இருப்பது" என்று பெயர் வைத்துவிட்டார்கள். அது தவறு. ஆட்டையும் தீயையும் தடுத்து நிறுத்துவது முழுநேர வேலை.

நம் பக்கத்து வறண்ட காட்டுக்கு மழைக்காட்டைவிட ஒரு வசதி உண்டு. உசிலை, வெப்பாலை, ஆத்தி, இலந்தை எல்லாம் வெட்டினாலும் அடிக்கட்டையிலிருந்து தழைக்கும். ஆடு கடித்துக் கடித்து முழங்கால் உயரத்தில் முடிச்சு முடிச்சாக நிற்கும் செடியைக் குனிந்து பாருங்கள். நிலத்தை ஒட்டிய தண்டு கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்கும். அது இந்த வருடக் கன்று அல்ல, பத்துப் பதினைந்து வயது மரம். வேர் ஆழத்தில் இருக்கிறது. கடிப்பது நின்றால் இரண்டு மழையில் ஆளுயரம் போகும். நாற்றுப்பண்ணைக் கன்று எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அந்த வேருக்கு ஈடாகாது.

மேலூர்ப் பக்கத்து இடையபட்டி வெள்ளிமலை கோயில் காட்டைப் பார்த்தவர்களுக்கு உசிலை என்னவெல்லாம் செய்யும் என்று விளக்க வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் சுள்ளியைக்கூட எடுப்பதில்லை. யாரும் நடவில்லை, விட்டுவைத்தார்கள்.

வெப்பமண்டலக் காடுகள் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்துக் குரூசெயில்ஸ் குழு 2017-ல், நட்டு வளர்த்த இடங்களைவிடத் தானாக வளர்ந்த இடங்களே பல்லுயிரில் முந்துகின்றன என்று சொன்னது. அடுத்த வருடமே அதற்கு ஒரு மறுப்பு வந்தது: தானாக வளரக்கூடிய நல்ல நிலத்தை விட்டுவைக்கிறார்கள், கெட்டுப்போன நிலத்தில்தான் நடுகிறார்கள், இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? மறுப்பு நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் அதிலிருந்து கிடைக்கும் பாடமும் அதுவேதான், நிலம் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

மறைந்திருக்கும் செலவு வேலியில் இருக்கிறது. மூன்று ஏக்கர் சதுரமாக இருந்தால்கூடச் சுற்றளவு 1,446 அடி. பத்தடிக்கு ஒரு கல்தூண் என்றால் 145 தூண், அதற்குக் கம்பி, ஆள்கூலி. கிளுவைப் போத்து ஊன்றி உயிர்வேலி வளர்ப்பது மலிவு, ஆனால் அது அடர இரண்டு மூன்று வருடம் ஆகும், அதுவரை முள் வெட்டிப் போட வேண்டும். ஆடு நின்றதும் புல் ஆளுயரம் வளர்ந்து மாசி பங்குனியில் காய்ந்து நிற்கும். வேலிக்கு உள்ளே பத்தடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு எடுக்காவிட்டால் ஒரு பீடித் துண்டு போதும்.

இன்னொரு செலவை ரூபாயில் சொல்ல முடியாது. அந்த நிலத்தில் தலைமுறையாக ஆடு ஓட்டியவர்கள் இருப்பார்கள். சொல்லாமல் கொள்ளாமல் வேலி போட்டால் ஒரு ராத்திரியில் கம்பி அறுந்துவிடும், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். முதலில் போய்ப் பேசுங்கள். தண்ணிக்குப் போகும் வழியை விடுங்கள். புல் அறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். புல் குறைந்தால் தீயும் குறையும். எங்கள் நிலத்துக்கு இப்போது காவல் அந்த ஆத்தாவின் மகன்தான்.

இந்த வழி பொருந்துவது மலையடிவாரத்துக்கும், கோயில் காட்டை ஒட்டிய நிலத்துக்கும், அடிக்கட்டை உயிரோடு இருக்கும் கரட்டுக்கும். பொருந்தாதது, நாலா பக்கமும் வயலோ வீட்டடி மனையோ சூழ்ந்த நிலத்துக்கு. அங்கே வேலி போட்டால் வருவது சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும்தான், ஏனென்றால் அங்கே வந்து சேரும் விதை அவைதான்.

## இரண்டாம் வழி: நிலம் முழுக்க நாட்டுக் கன்று நடுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. பத்தடிக்குப் பத்தடி வைத்தால் ஏக்கருக்கு 435 கன்று, மூன்று ஏக்கருக்கு 1,300. ஒரு கன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் ஒரு முறை ஊற்ற 13,000 லிட்டர். பெரிய டேங்கர் லாரி ஒன்று போதாது. வாரம் ஒரு முறை, தை முதல் ஆடி வரை, இரண்டு வருடம்.

வால்பாறை மலையில், தேயிலை காப்பித் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட மழைக்காடுகளில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை இருபது வருடத்துக்கும் மேலாக நாட்டு மரக் கன்றுகளை நட்டுவருகிறது. நட்ட இடத்தையும் பக்கத்தில் சும்மா விட்ட இடத்தையும் அவர்கள் ஒப்பிட்டபோது, நட்ட இடத்தில் மர வகைகளும் நிழலும் அதிகமாக இருந்தன. அந்த வித்தியாசம், பெரிய காட்டிலிருந்து தள்ளிப்போகப் போகக் கூடியது. தாய்க்காடு பக்கத்தில் இருந்தால் நடவின் பலன் குறைவு, தூரம் போனால் பலன் அதிகம். கேள்வி மறுபடியும் விதை எங்கிருந்து வரும் என்பதில்தான் வந்து நிற்கிறது.

ஆனால் அவர்கள் காட்டு ஓரங்களில் விதை பொறுக்கி, தங்கள் நாற்றுப்பண்ணையிலேயே நிறைய வகைகளை வளர்க்கிறார்கள். நமக்குக் கிடைப்பது என்ன? பண்ணைக்குப் போனால் வேம்பு, புங்கன், நாவல், பூவரசு, மகிழம், நீர்மருது, மலைவேம்பு. எல்லாம் நல்ல மரங்கள்தான். ஆனால் உலக்கைப்பாலை, வீரை, காசான், நறுவிலி என்று கேட்டால் பெரும்பாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். உங்கள் காட்டின் வகை எத்தனை என்பதைப் பண்ணையின் பட்டியல் முடிவு செய்துவிடுகிறது. இந்த வழியின் பெரிய மறைமுக நஷ்டம் அதுதான். நீர்மருது ஆற்றங்கரை மரம், அதைக் கரட்டில் வைத்துவிட்டுப் பட்டுப்போனதே என்று வருந்துவதையும் இதில் சேர்க்க வேண்டும்.

நிலம் மொட்டையாகிவிட்டது, பக்கத்தில் காடு இல்லை, தண்ணீர் வசதி உண்டு, ஆள் உண்டு என்றால் இதைச் செய்யலாம். கன்று வாங்குவதற்கு ஒரு வருடம் முன்னாலேயே அழகர்மலை அடிவாரத்திலும் ஊர்க் கோயில் மரங்களடியிலும் உதிர்ந்த விதையை அனுமதி கேட்டுப் பொறுக்கி, வீட்டிலேயே பையில் முளைக்கப் போட்டால் பாதிக் குறை தீரும். காப்புக்காட்டுக்குள் போய் எடுக்கக் கூடாது, அது சட்டப்படி தவறு.

## மூன்றாம் வழி: மியாவாக்கி

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கியின் முறை. சதுர மீட்டருக்கு மூன்று கன்று என்ற அளவில் நெருக்கி நடுவது. மண்ணை மூன்றடி தோண்டி, தொழுவுரம், தென்னை நார்க்கழிவு, உமி கலந்து நிரப்பி, மேலே வைக்கோல் மூடாக்குப் போடுவது. கன்றுகள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுச் சீக்கிரம் உயரும்.

பள்ளிக்குப் பின்னால் உள்ள எட்டு சென்டுக்கு இது நல்ல தேர்வு, தயங்காமல் சொல்வேன். 324 சதுர மீட்டர், ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான கன்று. சதுர மீட்டருக்கு நாளுக்கு ஐந்து லிட்டர் என்று வைத்தால் 1,600 லிட்டர், அதைப் பள்ளிக்கூடத்துக் கைகழுவும் தண்ணீரிலேயே பெருமளவு சமாளிக்கலாம். கட்டட இடிபாடு கொட்டிக் கெட்ட மண்ணாக இருப்பதால் தோண்டி மாற்றுவதில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகள் மூன்று வருடத்தில் தங்கள் தலைக்கு மேல் நிழல் பார்ப்பார்கள், சின்னானும் தையல்சிட்டும் வந்து கூடு கட்டும். அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

அதையே மூன்று ஏக்கர் கரட்டில் செய்தால்? 36,000 கன்றுக்கு மேல். நாளுக்கு 60,000 லிட்டர். அதற்கு முன் மூன்றடி தோண்டும்போதே உசிலங்கட்டைகள் அத்தனையும் போய்விடும். மலையடிவாரத்தில் மியாவாக்கி போடுவது, இருக்கும் காட்டை அழித்துக் காடு வளர்ப்பது. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நல்ல மனதோடு வருகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள்.

## நான்காம் வழி: திட்டுத் திட்டாக நடுவது

நிலம் முழுக்க நடாமல், அங்கங்கே சிறு திட்டுகளில் மட்டும் நெருக்கமாக நட்டு, இடைவெளியைப் பறவைக்கும் காற்றுக்கும் விட்டுவிடுவது. கோஸ்டாரிகாவின் தெற்கில் பழைய மேய்ச்சல் நிலங்களில் கேரன் ஹோல், ராக்கான் சஹாவி குழு 2004-லிருந்து இதைச் சோதித்தது. முழு நடவில் வைத்ததில் கால்வாசி அளவுக் கன்றுகளையே திட்டுகளில் வைத்தார்கள். காலப்போக்கில் திட்டு நட்ட நிலத்திலும் தானாக வந்த கன்றுகள் முழு நடவு நிலத்துக்குக் குறையாமல் வந்தன. பறவைகள் உட்கார ஒரு கிளை கிடைத்ததும் விதை வரத் தொடங்கிவிட்டது.

நம் ஊரில் இதைப் பார்க்க ஆய்வு எதுவும் தேவையில்லை. தரிசில் தனியாக நிற்கும் பனையடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். வேம்பு, இச்சி, காரை, சில சமயம் மட்டை இடுக்கிலேயே ஆலங்கன்று. எங்கள் நிலத்தில் ஒரு நறுவிலி மரம் காய்த்த வருடம், மூக்குச்சளிப்பழம் என்று நாங்கள் சின்ன வயதில் அப்பிக்கொண்டு திரிந்த அதே பழம், அதன் கீழே எச்சத்தோடு விழுந்த விதைகளில் நான் வைக்காத ஐந்தாறு வகை முளைத்தது. ஒரு மரம் மற்ற மரங்களை அழைத்து வருகிறது.

என் கணக்கு இப்படி: மூன்று ஏக்கருக்குப் பத்துத் திட்டு. ஒவ்வொன்றும் முப்பதுக்கு முப்பது அடி, ஐந்தடி இடைவெளியில் 36 கன்று. மொத்தம் 360. ஒரு முறைக்கு 3,600 லிட்டர், மாட்டுவண்டி டிரம்மிலேயே முடியும். ஒவ்வொரு திட்டிலும் பாதி, பறவைக்குப் பழம் தருபவையாக இருக்கட்டும்: அத்தி, இச்சி, நாவல், நறுவிலி, இலந்தை, வேம்பு. மீதி, தானாக வந்து சேர வாய்ப்புக் குறைந்த மரங்கள்: இலுப்பை, உலக்கைப்பாலை. இலுப்பை விதையைத் தூக்கிக்கொண்டு பறக்கச் சின்னானால் முடியாது, வௌவால் வந்தால்தான் உண்டு.

இதன் குறை, பார்க்க வேலை பாதியில் நின்றதுபோல் இருக்கும். நிதி கொடுத்தவர்கள் வந்து பார்த்து முகம் சுளிப்பார்கள். இடைவெளியில் சீமைக்கருவேலம் வந்துகொண்டே இருக்கும், வருடம் இருமுறை சின்னதாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும். இந்தச் செலவை முதல் ஐந்து வருடத்துக்கு எழுதி வையுங்கள்.

| | வேலி மட்டும் | திட்டு நடவு | முழு நடவு | மியாவாக்கி |
|---|---|---|---|---|
| 3 ஏக்கருக்குக் கன்று | இல்லை | 360 | 1,300 | 36,000-க்கு மேல் |
| ஒரு முறைத் தண்ணீர் | இல்லை | 3,600 லிட்டர் | 13,000 லிட்டர் | 60,000 லிட்டர் (தினமும்) |
| பக்கத்தில் தாய்மரம் | கட்டாயம் வேண்டும் | பறவை வந்துபோகும் தூரத்தில் | இல்லாவிட்டாலும் சரி | இல்லாவிட்டாலும் சரி |
| மண் | குலையாதது | ஓரளவு குலைந்தது | மொட்டையானது | இடிபாடு, நகர மண் |
| பெரிய மறைமுகச் செலவு | வேலி, தீ, ஊரோடு பேச்சு | ஐந்து வருடக் களை | இரண்டு கோடைத் தண்ணீர், பண்ணையில் வகைக்குறை | இருக்கும் வேரின் அழிவு |

தேக்கு, மலைவேம்பு, சவுக்கு என்று கேட்பவர்களும் உண்டு. அது பயிர். வருமானம் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள், காடு என்று மட்டும் பெயர் வைக்க வேண்டாம்.

## சீமைக்கருவேலத்தை என்ன செய்வது

எந்த வழியாக இருந்தாலும் இந்தக் கேள்வி வரும். ஒரே நாளில் மொத்தமாக வழித்தெடுக்காதீர்கள். மண் கிளறிய இடம் எல்லாவற்றிலும் முதலில் முளைப்பது அதன் விதையேதான். அதன் காயைத் தின்ற ஆடுமாடுகள் வருடக்கணக்கில் விதையைப் பரப்பி வைத்திருக்கின்றன. வெறும் அரிவாளால் தரைமட்டத்தில் வெட்டினாலும் பயன் இல்லை, ஒன்றுக்கு ஐந்தாகத் தழைக்கும். தரைக்குக் கீழே வேர்த்தலையோடு சேர்த்துக் கடப்பாரை போட்டு எடுக்க வேண்டும்.

மழைக்காட்டில் கன்றுக்குத் தட்டுப்பாடு வெளிச்சம். நம் கரட்டில் கன்றைக் கொல்வது வெயிலும் வறட்சியும். அதனால் சீமைக்கருவேலத்தின் நிழலைக்கூட ஓரிரு வருடம் வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். அதன் மேல் வந்து உட்காரும் பறவை போட்ட வேப்பங்கொட்டை, அதன் அடியிலேயே முளைத்து மேலே வருவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நாட்டுக்கன்று இருக்கும் மரத்தைக் கடைசிக்கு வைத்து, வெறுமையாக இருப்பதை முதலில் எடுத்து, மூன்று வருடத்தில் முடியுங்கள்.

## கரிசல் நிலத்துக்கும் கொட்டாம்பட்டிக்கும்

ஆசிரியையின் கரிசல்தான் கடினம். பல தலைமுறை உழுத மண், அடிக்கட்டை இல்லை, மலை தூரம். நான் சொன்னது இது: அடர்ந்த காட்டை அங்கே வற்புறுத்த வேண்டாம். கரிசல் தன் இயல்பில் குடைவேலும் வன்னியும் கருவேலும் இலந்தையும் தள்ளித் தள்ளி நின்று, நடுவே புல் அசையும் நிலம். பல பறவைகளுக்கு அந்தப் புல்தான் வீடு. இரண்டு ஏக்கருக்கு ஆறு திட்டு, ஓடையை ஒட்டி மட்டும் நாவலும் புங்கனும், மீதி புல். அப்பா உழுத வரப்புகளை அப்படியே விடச் சொன்னேன், மழைத்தண்ணீரை நிறுத்துவது அவைதான்.

கொட்டாம்பட்டிக்காரரை, எதையும் தொடும் முன் ஐப்பசி மழை பிடித்து ஒரு மாதம் கழித்து நிலத்தில் நடக்கச் சொன்னேன். கயிற்றால் பத்தடிச் சதுரம் போட்டு, பத்து இடத்தில், உள்ளே உள்ள மரச்செடி வகைகளை எண்ணுவது. பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையைப் பறித்து நோட்டில் ஒட்டி எண் போட்டுக்கொள்ளலாம். ஊரில் வயதான ஒருவரை உடன் கூட்டிப்போனால் பாதிப் பெயர் அங்கேயே தெரிந்துவிடும். ஒரு சதுரத்தில் ஐந்தாறு வகை நாட்டுச்செடி தென்பட்டால் வேலி போதும் என்பது என் அனுபவக் கணக்கு.

கார்த்திகை கடைசியில் நோட்டோடு வந்தார். ஏழு சதுரத்தில் உசிலை, நான்கில் வெப்பாலை, ஒன்றில் அவர் பாட்டி மட்டும் பெயர் சொன்ன ஒரு காசான் கன்று, கைச்சாண் உயரம். கிழக்கு ஓரத்தில், முன்பு யாரோ செம்மண் அள்ளிய பள்ளத்தில் போட்ட இரண்டு சதுரத்திலும் சீமைக்கருவேலம் தவிர ஒன்றும் இல்லை. ஜேசிபிக்குக் கொடுத்த முன்பணத்தைத் திருப்பி வாங்கிவிட்டார். நிலம் முழுக்கக் கிளுவை வேலி, அந்தப் பள்ளத்து ஓரத்துக்கு மட்டும் மூன்று திட்டு. நறுவிலி விதை என்னிடம் இருக்கிறது, பை போட்டு வைத்திருக்கிறேன்.